எடு, மடி, தை, போடு

துளசிமணியின் நெஞ்சு நின்றுபோனது ஆடி மாசத்துப் புதன்கிழமை ஒன்றில், சாயங்காலம் நாலேகால் மணிக்கு, திருப்பூருக்கு வடக்கே இருந்த ஒரு பனியன் கம்பெனியின் சாப்பாட்டுக் கூடத்தில், நாற்பது பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மேளம் அடித்துக்கொண்டிருந்தபோது. ஆனாலும் அவள் சாகவில்லை. மேளம் நிற்காததுதான் காரணம் என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள், சோறு வேகாததற்குக் கேஸ் தீர்ந்துபோனது காரணம் என்று சொல்கிற மாதிரி. பக்கத்து மேளத்தில் இருந்த அம்சவேணிக்கு மட்டும் இன்னொரு காரணமும் தெரியும். அதை அவள் வெகுநாள் யாரிடமும் சொல்லவில்லை.

பனியன் கம்பெனிக்குள் மேளம் வந்த கதை சின்னதுதான். தையல் லைனில் பேச்சு கிடையாது. அறுபது மிஷின் ஒட்டுமொத்தமாக ஓடும் இடத்தில் பேசினால் தொண்டைதான் போகும். பேசாமல் பேசாமல் மனஸ்தாபம் முற்றி, உள்ளூர்க்காரிகள் ஒரு பக்கமும் தேனி, கம்பத்திலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கமும் ஒடிசாப் பிள்ளைகள் ஒரு பக்கமுமாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாப்பிட, ஒரு நாள் மின்விசிறியை யார் பக்கம் திருப்புவது என்பதில் கத்தரிக்கோலைத் தூக்குகிற அளவுக்குப் போய்விட்டது. வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுப்பவர்கள் சார்பில் சோதனைக்கு வந்த அம்மாள், இங்கே ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதில்லை என்று எழுதிவைத்துவிட்டுப் போனாள். எந்தத் தப்பு நடந்தாலும் பேச்சு வாங்குகிற ஹெச்.ஆர். ஜெபராஜ், நாகர்கோவில்காரர், எங்கெங்கோ விசாரித்துக் கோயம்புத்தூரிலிருந்து குடுமி வைத்த ஒரு தம்பியை அழைத்துவந்தார். தம்பி ஒரு டெம்போ நிறைய ஆட்டுத்தோல் மேளங்களைக் கொண்டுவந்து இறக்கினான். குழுவாக மேளம் அடித்தால் மனச்சுமை இறங்கும், ஒற்றுமை வளரும், வேலையில் பிழை குறையும் என்று மைக்கில் சொன்னான்.

"இதையே எங்கப்பன் எழவு வூட்டுல அடிச்சப்ப எட்ட நில்லுன்னீங்க. இப்பக் கம்பெனி குடுத்தா மடியில வெச்சுக்கறீங்களாக்கும்" என்றாள் செக்கிங் மாராயி, சிரித்துக்கொண்டேதான். முதல் வாரம் பதினோரு பேர் தோலைத் தொடவில்லை. மூன்றாவது வாரத்தில் தொடாதவர்கள் யார் யார் என்பது எல்லோருக்கும் மறந்துபோயிற்று, மாராயிக்கு மட்டும் மறக்கவில்லை.

குடுமித் தம்பி சொல்லிக்கொடுத்த தாளக்கணக்கு ஒருத்திக்கும் ஏறவில்லை. துளசிமணிதான் வழி கண்டுபிடித்தாள். பீஸை எடு, மடி, தை, பெட்டியில் போடு. நாளைக்கு எண்ணூறு தடவை செய்கிற வேலைதானே, அதையே அடித்தால் என்ன என்றாள். எடு, மடி, தை, போடு என்று நாற்பது பேரும் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டார்கள். கண்டுபிடித்தவள் மட்டும் 'போடு' வரும்போது ஒரு மயிரிழை பிந்துவாள். மிஷினிலும் அவள் அப்படித்தான், தைத்து முடித்ததை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் போடுவாள். கேட்டால், "போட்டுட்டா அப்பறம் நம்முளுது இல்லீல்ல" என்பாள்.

அம்சவேணியும் துளசிமணியும் பதினாலு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து ஓவர்லாக் மிஷின். வீடும் வேலாங்காட்டு லைன் வீடுகளில் ஒரே வரிசை. ஒருத்தி தண்ணிக்கோ பாத்ரூமுக்கோ எழுந்தால், "சித்தப் போயிட்டு வர்றன்" என்பாள்; மற்றவள், "போயிட்டு வா, நான் பாத்துக்கறன்" என்பாள். பார்த்துக்கொள்வதென்றால், எழுந்து போனவளின் துணிக்கட்டிலிருந்தும் நாலு பீஸை இழுத்துத் தைத்து, வேலை தேங்காமல் வைத்திருப்பது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அம்சவேணியின் பன்னிரண்டு வயது மகள் சௌமியா இரண்டே நாள் காய்ச்சலில் போய்விட்டபோது, பதினாறு நாள் அம்சவேணியின் பங்கையும் சேர்த்துத் தைத்தவள் துளசிமணி. பதினேழாம் நாள் அம்சவேணி வந்து மிஷினில் உட்கார்ந்தாள். அழவில்லை. அதற்குப் பிறகும் அழவில்லை. அழுதால் பீஸில் கறை படியும் என்று யாரோ சொல்லிவைத்ததுபோல இருந்துவிட்டாள்.

அந்தப் புதன்கிழமை, தாளம் நன்றாகச் சூடு பிடித்திருந்த நேரத்தில், துளசிமணி இவள் பக்கம் சாய்ந்து, "அம்சா, போறன்" என்றாள். கை மேளத்தில் இருக்க, வாய் பழக்கதோஷத்தில், "போயிட்டு வா, நான் பாத்துக்கறன்" என்று அம்சவேணி சொல்லிவிட்டாள். துளசிமணியின் தலை நெஞ்சில் விழுந்தது. நாலு தட்டு கழிந்து, கூப்பிட்ட பிள்ளை மாதிரி நிமிர்ந்துகொண்டது. போறன் என்று யாராவது சொல்வார்களா, போயிட்டு வர்றன் என்றுதானே சொல்ல வேண்டும் என்பது அம்சவேணிக்குப் பஸ்ஸை விட்டு இறங்கும்போதுதான் உறைத்தது. போகிறேன் என்றவளை வா என்று சொல்லிக் கட்டிவைத்துவிட்டோம் என்பதும்.

அதற்குள் நடக்க வேண்டியதெல்லாம் நடந்திருந்தது. தம்பி கையைத் தூக்கி மேளத்தை நிறுத்தியபோது துளசிமணி மேசையிலிருந்து வழியும் துணிபோலத் தரைக்குச் சரிந்தாள். பதறிப்போன மாராயியின் கை தற்செயலாகத் தோலில் பட, சரிந்தவளின் இமை துடித்தது. "அடிங்கடி" என்றாள் மாராயி. அடித்தார்கள். துளசிமணி எழுந்து உட்கார்ந்து, தாகமாக இருக்கிறது, கொஞ்சம் தண்ணி கொடுங்கள் என்றாள். முதலுதவி அறை ஸ்டெல்லா சிஸ்டர் ஓடிவந்து நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டாள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு துடிப்பு இருந்தது, தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. வழக்கப்படி நோட்டை எடுத்து, 'நாடி: மேளம் உள்ளவரை சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அப்புறம் அது ஒரு ஏற்பாடாகிவிட்டது. அடுத்த நாள் பெரியாஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, மேளத்தை நிறுத்தாதீர்கள் என்று சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். கம்பெனியில் இன்றைக்கு எத்தனை பீஸ் ஓட வேண்டும் என்று எழுதும் பலகைக்குப் பக்கத்திலேயே, எந்த அரைமணிக்கு யார் மேளம் என்கிற பலகையும் ஏறியது. உட்கார்ந்து தைக்கிறவளை எப்படி ஆப்சென்ட் போடுவது என்று சூப்பர்வைசர் துளசிமணிக்கு நாள் தவறாமல் வருகை போட்டார். கம்பெனி பஸ்ஸின் கடைசி சீட் மேளக்காரிகளுக்கு என்று ஆனது. வேலாங்காட்டில் பால்காரர் ஒரு முறை, ரேஷன் கடைக்காரர் ஒரு முறை, டியூஷன் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே ஒரு முறை என்று ஆளுக்கொரு நேரம் எடுத்துக்கொண்டு, பகலும் ராத்திரியுமாக முறை போட்டு அடித்தார்கள். அவள் கோயிலுக்குள் வரலாமா, தீட்டு உண்டா என்று ஒரு பேச்சு வந்தபோது, மாரியம்மன் கோயில் பூசாரி கொஞ்ச நேரம் யோசித்து, ஒருத்தரும் அழவில்லை, அழாத சாவுக்கு ஏது தீட்டு என்று சொல்லித் திருநீறு கொடுத்து அனுப்பினார்.

துளசிமணியின் புருஷன் நாச்சிமுத்து, குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவன், குடித்தால் கை நடுங்குகிறது, கை நடுங்கினால் இவளுக்கு மூச்சுத் திணறுகிறது என்று குடியை விட்டான். ஒரு வேப்பமரத்தை வெட்டியதற்காகப் பதினோரு வருஷம் பேசாதிருந்த அவன் அண்ணன் விடிகாலை முறைக்கு வந்து எதிரே உட்கார்ந்தார். ஒன்பது நாள் பேசாமல் அடித்தார்கள். பத்தாம் நாள் அண்ணன், "டீ குடிச்சியாடா" என்றார். குழாயடிச் சண்டையில் குடம் உருள்வது நின்றது. ஒடிசாப் பிள்ளைகள் 'எடு மடி' என்று தமிழ் பேசத் தொடங்கினார்கள், தேனிக்காரிகள் அவர்களுக்குப் புளிக்குழம்பு கொண்டுவந்தார்கள். பிழை பீஸ் பாதிக்குப் பாதி குறைந்ததென்று ஜெபராஜ் கணக்குக் காட்ட, சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு போர்டு மாட்டப்பட்டது: 'குழுவாக மேளம் அடிப்பதன் பத்து நன்மைகள்.'

எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள். அம்சவேணியும்தான். ஆறு வருஷமாகக் கண்ணை மூடினால் வந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று இப்போது வருவதில்லை. அது என்னவென்றுகூட அவள் யோசித்துப் பார்க்கவில்லை. காலையில் உடம்பு இலேசாக இருந்தது, பசித்தது, பஸ்ஸில் யாரோ சொன்னதற்குச் சிரிப்பும் வந்தது. துளசி பிழைத்துக்கொண்டாள், நம்முடைய வாயால்தான் பிழைத்தாள் என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. பாவம், அது பெருமைப்பட வேண்டிய காரியமில்லை என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

புரட்டாசி மாசம் ஒரு மத்தியானம். சாப்பாட்டு நேரம். மாராயி சற்றுத் தள்ளி மேளத்தை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். துளசிமணியின் டிபன் டப்பா திறந்தபடியே இருந்தது. சுவரில் இருந்த போர்டை எழுத்துக்கூட்டி வாசித்து முடித்துவிட்டு அவள் சொன்னாள்:

"பத்து நன்மை போட்டிருக்காங்க அம்சா. எனக்கு இதுல எதுன்னுதான் தெரியல."

"நீ உசுரோட இருக்கறயே, அது பத்தாதா?"

"தூங்கி ரண்டு மாசமாச்சு. கண்ண மூடுனா அடிக்கறவிய கை தெரியுது. கை மட்டும்னாப் பரவால்ல. ஒவ்வொரு தட்டுக்கும் அவிய மனசுல கெடக்கறது என்ற நெஞ்சுக்குள்ள எறங்குது." கையால் மாராயியைக் காட்டினாள். "இந்தா, இப்ப அவ அடிக்கறா. அவிய அப்பன எட்ட நிக்கச் சொன்ன வூடு ஒவ்வொண்ணும் எனக்கு வருது. அந்த வூட்ல ஒண்ணு எங்கப்பன் வூடு."

அம்சவேணி சோற்றைப் பிசைந்தபடி இருந்தாள்.

"நீங்க எல்லாம் அடிச்சு அடிச்சு எறக்கி வெச்சுக்கறீங்க. நான் எங்க கொண்டுபோயி எறக்கறது, சொல்லு. என்னையத் தாட்டிவுட்டுரு அம்சா, போக உட்டுரு."

"பைத்தியமா உனக்கு? பேசாமச் சாப்புடு."

"பச்சப் பாவாடை" என்றாள் துளசிமணி.

அம்சவேணியின் கை நின்றது.

"ஓரத்துல தையல் பிரிஞ்சிருந்துச்சு. தெச்சுக் குடும்மான்னு பள்ளிக்கோடம் போற அவசரத்துல கொண்டாந்து நீட்டுனா. நாளைக்கு எண்ணூறு தெக்கறவ நீ, சாயங்காலம் பாத்துக்கலாம் போடின்னு சொன்ன. சாயங்காலம் காய்ச்சலோட வந்தா. இன்னும் தெக்காம அவ துணி கட்டுன வெள்ள மூட்டைக்குள்ள வெச்சிருக்கற. எங்கிட்டக்கூட நீ சொன்னதில்ல. உன்ற கை வந்து சொல்லுச்சு."

அம்சவேணி தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய்க் குழாயடியில் நின்றாள். சௌமியாவின் முகத்தை நினைத்துப் பார்த்தாள், வரவில்லை. குரலை நினைத்துப் பார்த்தாள், அதுவும் வரவில்லை. பிள்ளை செத்த நாள் ஆவணி ஏழு. வருஷா வருஷம் அன்றைக்குப் பச்சைத்தண்ணி பல்லில் படாமல் இருப்பாள். இந்த வருஷம் ஆவணி ஏழு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை; அன்றைக்குப் புளிக்குழம்பு ஊற்றி இரண்டு தடவை சோறு வாங்கித் தின்றது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. தன் பிள்ளையைத் தானே கொண்டுபோய் இன்னொருத்தி நெஞ்சில் தள்ளிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

என்றாலும் அவள் உடனே ஒத்துக்கொண்டாள் என்று சொன்னால் அது பொய். பதினைந்து நாள் துளசிமணியின் முகத்தைப் பார்க்காமல் தைத்தாள். துளசி போனால் பக்கத்து மிஷினில் யார் உட்காருவார்கள் என்று யோசித்தாள். போனவளோடு சௌமியாவும் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்தாள். போகாமல் தன்னிடமே திரும்பி வந்துவிட்டால் எப்படித் தாங்குவது என்று அதைவிடப் பயந்தாள். ஒரு நாள் தன் முறைக்கு மேளத்தை மடியில் வைத்தவள், துளசிமணியின் கண்ணுக்குக் கீழே கரி அப்பியதுபோல இருந்ததைப் பார்த்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் அந்த முகம் ஒரு பொட்டு சுருங்கியது. அதைப் பார்த்த பிறகு அவளால் பொறுக்க முடியவில்லை.

ஐப்பசி முதல் புதன்கிழமை, நாற்பது பேரும் வட்டமாக உட்கார்ந்திருக்க, வேலாங்காட்டு ஜனமும் வந்து வாசல்வரை நிற்க, அம்சவேணி எழுந்து, தான் வாய் தவறிச் சொன்னதை முதன்முதலாகச் சொன்னாள். அவ போறன்னா, நான் போயிட்டு வான்னு சொல்லிட்டன், அதுனால வந்திருக்கறா, அவ தூங்கோணுங்கறா என்றாள். ஸ்டெல்லா சிஸ்டர் ஒற்றை மேளத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

ஜெபராஜ் போர்டையும் ஜனங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இப்ப எல்லாம் நல்லாத்தானே போய்க்கிட்டிருக்கு" என்றார். பலரும் தலையாட்டினார்கள். நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது, அதில் என்ன சந்தேகம்.

"நான் நிறுத்தறதுக்கு உட மாட்டன்" என்றான் நாச்சிமுத்து. "ஒருத்தரும் அடிக்க வேண்டாம், நானும் எங்கண்ணனும் அடிச்சுக்கறோம். ஆயுசுக்கும் அடிக்கறோம்."

துளசிமணி அவனைப் பார்த்தாள். கோபமில்லாத பார்வைதான்.

"ஏனுங்க, உங்கண்ணங்கூட நீங்க பேசறதுக்கு நடுவால நான் எதுக்குங்க?"

நாச்சிமுத்து வந்து அவள் கையைப் பிடித்தான். அது ஐஸ் மாதிரி இருந்தது. மூன்று மாசமாக அந்தக் கையைத் தொடாமல் மேளத்தை மட்டுமே தொட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. சரி என்று தலையை ஆட்டிவிட்டு அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டான்.

நாற்பது மேளமும் ஒரு தடவை முழுசாக முழங்கின. எடு, மடி, தை, போடு. எடு, மடி, தை, போடு. தகரக் கூரை அதிர, டிபன் டப்பாக்கள் மேசைமேல் குதிக்க, போர்டு சுவரில் ஆட, நாற்பது பேரும் ஒரே ஆளாக அடித்தார்கள். பிறகு ஒருத்தி கையை எடுத்தாள். எடுத்த மாத்திரத்தில் அவளுடைய பாரம் அவளிடம் திரும்பி வந்தது, மடியில் மேளத்தோடு குலுங்கி அழுதாள். அடுத்தவள் எடுத்தாள். ஓடிப்போன புருஷனும் வராத பிள்ளையும் சொந்த ஊரில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் அம்மாவும், விலாசம் விசாரித்து வந்துசேர்ந்ததுபோல ஒவ்வொருத்தியிடமாக வந்தார்கள். மாராயி மேளத்தைக் கீழே இறக்கினாள். முகத்தைத் துடைக்கவில்லை. வட்டத்தில் இருந்தவர்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள், பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒவ்வொரு மேளமாக நிற்க நிற்க துளசிமணியின் முகம் மட்டும் தெளிந்துகொண்டே வந்தது.

கடைசியில் அம்சவேணி ஒருத்திதான் அடித்துக்கொண்டிருந்தாள். துளசிமணி இவள் பக்கம் சாய்ந்தாள்.

"அம்சா, போறன்."

வாய்க்குப் பழகிய வார்த்தை வாய்வரைக்கும் வந்தது. பதினாலு வருஷப் பழக்கம். அதைப் பல்லைக் கடித்து நிறுத்தி, பாதியை விழுங்கிவிட்டு, பாதியை மட்டும் சொன்னாள்.

"போ துளசி. நான் பாத்துக்கறன்."

எடு என்று அடித்தாள். மடி என்று அடித்தாள். தை என்று அடித்தாள். கையைத் தோலிலிருந்து எடுத்துவிட்டாள்.

அப்போது, ஒரு மயிரிழை பிந்தி, எவருடைய கையும் எந்தத் தோலின்மேலும் இல்லாதபோது, 'போடு' என்று ஒரு தட்டு கேட்டது. வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டது. துளசிமணியின் நெஞ்சில் குழாயை வைத்திருந்த ஸ்டெல்லா சிஸ்டர், அது உள்ளேயிருந்துதான் வந்தது என்றாள். அது அவளுடைய சொந்தத் துடிப்பு என்பதில் யாருக்கும் ஐயமில்லை, அவளைத் தவிர யாரும் அந்த இடத்தில் பிந்துவதில்லை.

அன்றைக்குத்தான் வேலாங்காடு அழுதது. பூசாரி கோயில் நடையைச் சாத்தினார். நாச்சிமுத்துவும் அண்ணனும் முன்னால் இருவராகத் தோள் கொடுத்தார்கள். மூன்றாம் நாளே வேப்பமர விஷயத்தில் அவர்களுக்கு வாய்த்தகராறு வந்தது, ஆனால் சண்டை போடவாவது வாய் திறந்துதானே ஆக வேண்டும், அந்த மட்டுக்கும் சரி. கம்பெனியில் போர்டு அப்படியே தொங்குகிறது. புதன்கிழமை மேளமும் உண்டு, நாற்பதாவது மேளத்தை யாரும் எடுப்பதில்லை.

மறுநாள் உடலை எடுத்து முடிந்து ஜனம் கலைந்தபோது, அம்சவேணி துளசிமணியின் வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது போயிட்டு வர்றேன் என்று சொல்லக் கூடாது. அவள் சொல்லாமலே இறங்கி, நாலு கதவு தள்ளியிருந்த தன் வீட்டுக்கு நடந்தாள். பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. அலமாரிமேல் இருந்த வெள்ளை மூட்டையை இறக்கிப் பிரித்தாள். பாவாடை அடியில் இருந்தது. "அம்மா, தெச்சுக் குடும்மா, பெல் அடிச்சுருவாங்க" என்று சௌமியா அவசரப்படுத்தினாள், அதே குரல், அதே மூக்கடைப்பு. அம்சவேணி ஆறு வருஷத்து அழுகையையும் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே ஊசியில் நூல் கோத்தாள், இரண்டு தடவை தவறி மூன்றாம் தடவை கோத்தாள். பாவாடையை எடுத்து, பிரிந்த ஓரத்தை மடித்து, விட்டுப்போகாமல் நெருக்க நெருக்கமாகத் தைத்து முடித்தாள். அதைத் திரும்பவும் மூட்டைக்குள் போடத்தான் கை வரவில்லை. மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.